அல்லும் பகலும் ஓயாத கணினி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவுத் தொடரில் ஆற்றிய உரை)



இம்மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்துள்ளார்கள். நிறுத்தாமல் ஓடவேண்டிய கணினியை எவ்வாறு பேணுவது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

திருக்கோயில்களிலே கருவறையில் எரியும் விளக்கைத் தூண்டாமணி விளக்கு என்று வழங்குகிறோம். தூண்டவேண்டாத விளக்கு என்பது அதன் பொருள். பெயர் அப்படியிருப்பினும் அவ்விளக்குத் தானாக எரிவதில்லை என்பது குருக்கள் ஐயாவுக்கும் தெரியும். அவருக்கு எண்ணெய்ச் செம்பை எடுத்துக் கொடுக்கும் பையனுக்கும் தெரியும். நாம் கற்ற மிஷன் கல்லூரியின் சிற்றாலயத்திலும் ஒரு சிவந்த கண்ணாடி விளக்கு இரவு பகலாக எரியும். அதற்கு ஒரு துறவற சகோதரர் பொறுப்பு. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் யார் பார்ப்பது என்பது உட்கதவிலே எழுதி ஒட்டப்பட்டிருக்கும். கணினிக்கும் அவ்வாறான ஒரு தாள் கதவிலே ஒட்டப்பட வேண்டும் என்பதற்காகவே இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

வங்கியிலும் வைத்தியசாலையிலும் விமான நிலையத்திலும் கணினிகள் ஓயாது இயங்குவதை யாவரும் அறிவர். அவற்றைப் பார்ப்பதற்குச் சம்பளம் பெறுவோர் உளர். எமது கவலை வேறு. எமது வாசிகசாலையின் மூலையிலே ஒரு கணினி இருக்கிறது. கோயில் மலர்கள், பழைய சஞ்சிகைகள், கல்வெட்டுகள் என்று வழங்கப்படும் அந்தியேட்டி நினைவு நூல்கள், மூன்று தலைமுறைக்கு முந்திய கூட்ட அறிக்கைகள் ஆகிய யாவும் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டு அதிலே சேமிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றின் கடதாசிப் பிரதி இன்று எங்கும் இல்லை, செல்லரித்துப் போயிற்று. பிற ஊர்களில் உள்ள பிள்ளைகள் நள்ளிரவிலும் அப்பக்கங்களைப் பார்க்கக்கூடியதாக அக்கணினி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய துயரைத் தொடாமற் செல்ல இயலாது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வேறு பிரதி இல்லாதிருந்தவை அன்றுடன் இல்லாமற் போயின. அந்த நினைவிலிருந்தே எண்ணிம நூலகங்களை உருவாக்கும் எண்ணம் நம்மவரிடையே வலுப்பெற்றது எனலாம். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் முயற்சி அவ்வழியிற் பெரும்பணி செய்து வருகிறது. எமது வாசிகசாலைக் கணினி அத்துணை பெரியதன்று. ஆயினும் அதனுள் இருப்பது எமது ஊரின் நினைவு. நூலகம் எரிந்தபோது ஊர் முழுவதும் பார்த்தது. ஒரு வன்தட்டு செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒருவர் வந்து பொத்தானை அழுத்துவார், ஒன்றும் வராது.

அதற்கு முன்னரும் நம்மவர்க்கு இவ்விடர் இருந்தது. பனையோலை ஏடு சாகாவரம் பெற்றதன்று. எண்ணெய் பூசி, வெயில் படாது நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காது காத்து, பழுதாகுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதுவோர் அருகிய காலத்திலே ஏடுகள் பொடிப்பொடியாயின. மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அவர்களுக்கு முன்னே இருந்த கேள்வி இன்று எமக்கு முன்னேயும் நிற்கிறது. காலக்கெடு மாத்திரம் குறுகிவிட்டது. நன்றாகப் பேணிய ஏடு இரண்டு மூன்று நூற்றாண்டு நிற்கும். வன்தட்டோ ஐந்தாறு ஆண்டு ஓடினால் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனிப் பொறிக்கு வருவோம்.

கணினியின் முதற் பகை வெப்பம். கணினியின் தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் சிறு தகரப் பேணிகள் போல நிற்கும் உறுப்புகளைக் கண்டிருப்பீர்கள். அவை கொள்ளளவிகள். அவற்றுட் பலவற்றினுள்ளே ஒருவகை மின்பகு திரவம் உண்டு. வெப்பத்தினால் அத்திரவம் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறும். திரவம் வற்றியதும் உறுப்புச் செயலிழக்கும். வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். 105 பாகை செல்சியசில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரையிடப்பட்ட கொள்ளளவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 65 பாகையில் அது 32,000 மணி நேரம் உழைக்கும். ஓராண்டில் 8,760 மணி நேரம் உண்டாகையால், ஓயாது இயங்கும் கணினியில் இது மூன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அதே உறுப்பை 45 பாகையில் வைத்திருந்தால் 14 ஆண்டுக்கு மேல். இருபது பாகை வித்தியாசந்தான். வாசிகசாலையின் மேற்கு யன்னலோரத்திலிருந்து கணினியை உட்சுவரோரத்திற்கு நகர்த்தி, அதன் காற்றறையைத் துப்புரவாக வைத்திருப்பதால் அதிற் கணிசமான பங்கைப் பெறலாம். பத்து வருடம் வாழ வேண்டிய பொறியை யன்னலோரத்து வெயிலிலே மூன்று வருடத்திற் கொல்லுகிறோம்; பிறகு 'இப்போதைய சாமான்கள் நிலைப்பதில்லை' என்று கடைக்காரரை நோகிறோம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே உலகெங்கும் விற்கப்பட்ட கணினிகள் பலவற்றிற் குறைபாடுள்ள கொள்ளளவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை வீங்கி, உச்சி வெடித்து, கபில நிறமாகக் கசிந்தன. பழைய கணினி ஒன்றைத் திறந்து பார்க்கும்போது பேணியின் தலை தட்டையாயில்லாமல் உப்பியிருந்தால், அது நோயாளி என்று கொள்க.

வெப்பத்தை வெளியேற்றுவது விசிறி. ஒரு கணினியினுள்ளே அசையும் உறுப்புகள் மிகச் சில. அவற்றுள் முதலிற் சாவது பெரும்பாலும் விசிறியே. அது சாவதற்கு முன் முனகும். அந்த முனகலைக் கேட்கும் காது உள்ளவர் அருகில் இருக்க வேண்டும். விசிறியின் விலை கணினியின் விலையிற் சிறு துளி. அது நின்ற பின்னும் ஓடவிட்ட கணினியின் நட்டம் முழுக் கணினி.

அடுத்தது தூசி. எமது செம்மண் புழுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வேட்டி கட்டுவோர் யாவரும் அதை அறிவர். விசிறி காற்றை இழுக்கும்போது புழுதியையும் சேர்த்தே இழுக்கிறது. அது வெப்பமகற்றித் தகடுகளிடையே பஞ்சு போலப் படிந்து, பொறிக்குக் கம்பளி போர்த்தியது போலாகிறது. கடற்கரையை அண்டிய ஊர்களில் இதனுடன் உப்பும் சேர்கிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சும். ஈர உப்பு செப்பை அரிக்கும். மின்தொடுகைகள் பச்சை பூத்துப்போவது இதனாலேதான். இங்கே ஒரு வியப்பு உண்டு. மாரி காலத்திலே வாரக்கணக்காக நிறுத்தி மூடி வைத்த கணினியை விட, ஓடிக்கொண்டேயிருக்கும் கணினி ஈரத்தினாற் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. அதன் உள்வெப்பம் சூழலை விடச் சற்று உயர்ந்திருப்பதால் அங்கே நீர் படிவதில்லை. பல்லியும் எறும்பும் அந்த இளஞ்சூட்டை விரும்பி வருவதும் உண்மையே. மின்வழங்கியினுள்ளே ஒரு பல்லி குறுக்காகக் கிடந்து, தானும் இறந்து பொறியையும் கொன்ற கதை எமது ஊரிலே குறைந்தது நான்கு வீடுகளில் உண்டு.

துப்புரவு செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். முதலிற் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்ற வேண்டும். ஊதும்போது விசிறியை விரலாற் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். வீட்டிற் பயன்படும் தூசி உறிஞ்சியை உள்ளே விடலாகாது. அதன் குழல் நுனியில் நிலைமின் சேரும். ஈரத் துணியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனாலும் மிகையாகத் தொடுவதும் தீது. இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. மைக்குறோசொப்ற் நிறுவனம் 2018 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் ஓர்க்கினித் தீவுகளுக்கு அண்மையில் 864 கணினிகளை ஓர் உருக்கு உருளையில் அடைத்துக் கடலுக்கடியில் இறக்கியது. உருளையினுள்ளே உலர்ந்த நைதரசன் வாயு நிரப்பப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் எந்த மனிதக் கையும் படவில்லை. 2020 இல் வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தபோது, தரையில் அதேபோல் இயங்கிய கணினிகளிற் பழுதுபட்ட வீதத்தின் எட்டிலொரு பங்கே கடலடியிற் பழுதாகியிருந்தது. அரிக்கும் ஒட்சிசனும் ஈரமும் இல்லாமை ஒரு காரணம். தட்டி இடித்துத் திருத்தப் போகும் மனிதர் இல்லாமை இன்னொரு காரணம் என்று அந்நிறுவனத்தார் கருதினர். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. எனினும், வாசிகசாலைக் கணினியின் மீது தேநீர்க் கோப்பை வைக்கும் அன்பர்கள் ஓர்க்கினித் தீவை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.

மூன்றாவது மின்சாரம். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களிலே விளக்கில்லாமற் படித்ததை நாம் நினைவிற் கொள்கிறோம். பற்றரிகள் பட்ட பாட்டை எவரும் நினைப்பதில்லை. கணினிக்குத் துணையாக வைக்கும் யூ.பி.எஸ். என்னும் பெட்டியினுள்ளே பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரி இருக்கிறது. அது எப்போதும் நிறைந்திருக்க விரும்பும் பிராணி. முற்றாக வெறுமையாக்கி அப்படியே விட்டால் அதன் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு வாராது. நல்ல நிலையிலே மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும் அப்பற்றரி, எமது அறைகளின் வெப்பத்திலே அதனிலும் குறைவாகவே உழைக்கும். வெளியிற் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். மின்சாரம் நிற்கும் கணத்திலேதான் அது இறந்து எத்தனை மாதமாயிற்று என்பது தெரியவரும். ஆகவே மூன்று மாதத்துக்கொருமுறை, வேலையில்லாத நேரத்தில், முதலிற் கணினியின் கோப்புகளை மூடிவிட்டு, சுவர் மின்னிணைப்பை வேண்டுமென்றே நிறுத்தி, பற்றரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்ற முறையிலும் பாதியாகக் குறைந்திருந்தாற் புதிது வாங்கும் காலம் வந்துவிட்டது.

காவல் செய்யும் பொருளுக்கும் காவல் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே லிவமோர் என்னும் ஊரிலுள்ள தீயணைப்பு நிலையம் நல்ல உதாரணம். அங்கே ஒரு மின்குமிழ் 1901 ஆம் ஆண்டிலிருந்து எரிந்து வருகிறது. இடம் மாற்றியபோதும் வேறு சில வேளைகளிலும் மாத்திரமே அது அணைந்ததுண்டு. 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் அது திடீரென இருண்டது. நூறாண்டு கடந்த குமிழின் ஆயுள் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். பார்த்தாற் குமிழ் நலமாயிருந்தது. அதற்கு மின் தடைப்படாதிருக்கும்படி வைத்த யூ.பி.எஸ். பெட்டிதான் பழுதடைந்திருந்தது! அதைத் தவிர்த்து நேரே இணைத்ததும் குமிழ் மீண்டும் எரிந்தது.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடியுடன் மழை பெய்யும்போது மின்கம்பியை மாத்திரம் கழற்றினாற் போதாது. தொலைபேசிக் கம்பி வழியாகவும் வலையமைப்புக் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும். நிலத்தொடுப்பு இல்லாத கட்டடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த காப்புப் பெட்டி வைத்தாலும் பயன் சொற்பமே.

நான்காவது, வன்தட்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு, ஒரு நாளிலே ஒரு கோடியே மூன்று இலட்சம் தடவைக்கு மேற் சுழல்கிறது. அதன் மேலே எழுதும் முனை தலைமயிரின் தடிப்பிலும் மிகமிகக் குறைந்த இடைவெளியிலே மிதந்து செல்கிறது. இத்தகைய பொருள் ஐந்தாண்டு உழைப்பதே அற்புதம். அது சாவதை முன்கூட்டி அறிய முடியுமா? கூகுள் நிறுவனத்துப் பொறியியலாளர் தமது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை அவதானித்து 2007 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். வன்தட்டுகள் தம் நோயைத் தாமே அறிவிப்பதற்கான குறிகாட்டிகள் உண்டு. அவற்றுள் மிக வலுவான நான்கையும் எடுத்துப் பார்த்தபோது, செத்த தட்டுகளிற் பாதிக்கு மேற்பட்டவை, நூற்றுக்கு 56 இற்கு மேல், அந்நான்கில் ஒன்றையேனும் காட்டாமலே செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் உடனே நம்புங்கள்; வராவிட்டால் அதை நம்பாதீர்கள். அந்த ஆய்விலே மூன்று வருடம் ஓடிய தட்டுகளிற் பழுதுபடும் வீதம் ஓராண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேலாக உயர்ந்திருந்தமையும் கவனிக்கத்தக்கது.

ஆகவே பிரதி வேண்டும். ஒரே பெட்டியினுள் இரண்டு தட்டுகளை இணைத்து ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதச் செய்வது நல்ல ஏற்பாடே. ஆனால் அது பிரதியன்று. ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அதே கணத்தில் அழியும். மின்னல் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் இருக்க வேண்டும். 1981 இற்குப் பின்னர் இதற்கு மேல் விளக்கம் எமக்குத் தேவையில்லை.

இதுவரை சொன்னவை உறுப்புகளின் தேய்வு. ஓயாமல் ஓடுவதாலேயே உண்டாகும் இன்னொரு கேடும் உண்டு. 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானிலே பற்றியட் என்னும் ஏவுகணைத் தடுப்புத் தொகுதி ஒன்று 100 மணி நேரத்துக்கு மேலாக நிறுத்தாது இயங்கியது. அதன் கணினி காலத்தைக் கணிக்கும் முறையிலே மிகச் சிறு பிழை. ஒவ்வொரு பத்திலொரு வினாடிக்கும் நுண்ணிய ஒரு துணுக்கு விடுபட்டது. நூறு மணி நேரத்தில் அது வினாடியில் 0.34 பங்காகச் சேர்ந்தது. பெப்ரவரி 25 ஆந் திகதி பறந்து வந்த ஏவுகணையை அத்தொகுதி தவறான இடத்திலே தேடியது, காணவில்லை. 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் அப்பிழை தலைகாட்டாது என்பது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. எத்தனை மணிக்கொருமுறை நிறுத்த வேண்டும் என்பது மாத்திரம் களத்திலிருந்தோருக்குச் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இதனாலேதான், 'எமது கணினி இரண்டு வருடமாக ஒருமுறையும் நிறுத்தப்படவில்லை' என்று பெருமை பேசுவோரைக் கண்டால் எமக்கு அச்சமே உண்டாகிறது. அவ்வாறு நீண்ட காலம் ஓடிய பொறி, என்றோ ஒரு நாள் மின்தடையில் நின்றால் மீண்டும் எழும்புமா என்பது ஒருவருக்கும் தெரியாது. நாம் தெரிந்தெடுத்த நாளிலே, பகல் வெளிச்சத்திலே, உதிரிப்பாகங்களும் ஆட்களும் அருகிலிருக்க அதை நிறுத்தித் தொடங்கிப் பார்ப்பது நல்லது. ஓயாத சேவை வேண்டுமாயின் இரண்டு பொறிகளை வைத்து மாறி மாறி ஓய்வு கொடுக்கலாம்.

கையாலே தொடவே முடியாத கணினியை எப்படிப் பேணுவது? இந்தக் கேள்விக்கு விடை வானத்திலே இருக்கிறது. 1977 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 இலும் செப்ரெம்பர் 5 இலும் அமெரிக்கா வொயேஜர் என்ற பெயரில் இரண்டு விண்கலங்களை அனுப்பியது. வியாழனையும் சனியையும் பார்ப்பதற்காக ஐந்தாண்டுக் கால உழைப்பை எண்ணிச் செய்யப்பட்டவை அவை. ஐம்பதாண்டை அண்மிக்கும் இக்காலத்தும் அவை உயிரோடிருக்கின்றன. அவற்றிலுள்ள கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்த்து எழுபது கிலோபைற்று மட்டிலே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதிலே அடக்க முடியாது. கணினி ஒவ்வொன்றும் இரட்டையாக வைக்கப்பட்டது. மின்வலு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 உவாற்று வீதம் குறைந்து வருகிறது. வீட்டிலே வருமானம் குறையும்போது தாய்மார் செய்வது போலப் பொறியியலாளரும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகின்றனர். முதலில் வெப்பமூட்டிகள், பின்னர் ஆய்வுக் கருவிகள். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதற் கலத்திலும் மார்ச்சில் இரண்டாங் கலத்திலும் ஒவ்வொரு கருவி நிறுத்தப்பட்டது.

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதற் கலம் பிதற்றத் தொடங்கியது. செய்தி வந்தது, அதிற் பொருள் இல்லை. தரவுகளைத் தொகுக்கும் கணினியிலேதான் நோய் என்று கண்டனர். அதன் இரட்டையோ பல ஆண்டுகளுக்கு முன்னரே செயலிழந்துவிட்டது. கலம் 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை அங்கே போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். மறுமொழி வர இன்னும் இருபத்திரண்டரை மணி நேரம். இன்று கேட்டால் நாளை மறுநாள் பதில். அப்பொறியை வடிவமைத்தோருட் பலர் இன்று இல்லை. ஆகவே பல பத்தாண்டுகளுக்கு முந்திய ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. 2024 மார்ச் மாதத்தில் அக்கணினியின் நினைவகம் முழுவதையும் பூமிக்கு அனுப்பச் செய்து, ஒழுங்காயிருந்த காலத்துப் பிரதியுடன் ஒப்பிட்டனர். நினைவகத்தின் நூற்றுக்கு மூன்று பங்கு பழுது. ஒரேயொரு சில்லு கெட்டிருந்தது. அதை மாற்ற வழியில்லை. அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நலமாயுள்ள வேறிடங்களில் இருந்த சிறு சிறு இடைவெளிகளிலே புகுத்தினர். ஒரே வீட்டிலே கூரை பறந்த அறையின் சாமான்களை மற்ற அறைகளின் மூலைகளில் ஒதுக்கி வைப்பது போன்ற வேலை அது. ஏப்ரில் 18 ஆந் திகதி கட்டளை அனுப்பப்பட்டது. 20 ஆந் திகதி கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது.

அந்த வெற்றியில் எம்மைக் கவர்ந்தது அறிவியலாளரின் திறமை மாத்திரமன்று. 1970 களிலே எவரோ பொறுமையாக எழுதி வைத்த தாள்கள் இருந்தன. அவற்றை எறியாமல் வைத்திருந்தோர் இருந்தனர். எமது வாசிகசாலைக் கணினியைப் பற்றி அப்படியான தாள் ஒன்றேனும் உண்டா? அதை யார் எப்போது பொருத்தினார்? கடவுச்சொல் யாரிடம்? பற்றரி எந்த மாதம் மாற்றப்பட்டது? இவற்றை எல்லாம் அறிந்த அண்ணர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றுவிட்டார். அவரை நள்ளிரவிலே தொலைபேசியில் எழுப்பிக் கேட்பதே இதுவரை எமது பராமரிப்பு முறையாக இருந்து வருகிறது.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்; ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எமது நாட்டிலே எதையும் புதிதாக வாங்குவதற்கு உபயகாரர் முன்வருவர். மண்டபத்துக்கு மின்விசிறி கொடுத்தால் அதன் இதழிலே பெயர் எழுதலாம். புதுக் கணினி கொடுத்தால் மாலை போட்டுப் படம் எடுத்து இம்மலரிலேயே அச்சிடலாம். பற்றரி மாற்றுவதற்குக் கொடுத்த பணத்திற்குப் படம் எடுப்பதெங்ஙனம்? பெட்டியினுள்ளே இருக்கும் விசிறியிலே யார் பெயரைப் பொறிப்பது? ஆகையாற் சென்ற வரவு செலவுத் திட்டத்திலே பராமரிப்பு என்னும் தலைப்பின் கீழ் ஒரு சதமும் காணப்படவில்லை. இளைஞர் பக்கத்திலும் குறை உண்டு. புதுப் பொறி வந்த நாளிலே அதைச் சூழ நிற்போர் இருபது பேர். அதன் தூசியைத் துடைக்கும் நாளிலே வந்து நிற்போர் ஒருவரோ இருவரோ.

இன்னொரு புதிய கணினி வாங்குவதற்காகத் திரட்டப்படும் நிதியிலிருந்து மூன்றிலொரு பங்கை ஒதுக்கி வைத்து, இருக்கும் கணினிக்கு இரண்டு புதிய வன்தட்டுகளும், ஒரு பற்றரியும், இரண்டு விசிறிகளும், வேறு ஊரிலே வைப்பதற்கு ஒரு பிரதித் தட்டும் வாங்க வேண்டும் என்ற பிரேரணை அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் வரவிருக்கிறது. அதை ஆதரித்து வாக்களிக்குமாறு அங்கத்தவர்களை வேண்டுகிறோம். எதிர்ப்போரும் உளர் என்பதை அறிவோம். பழையதிலே பணத்தைப் போடுவது வீண் என்பது அவர்கள் கருத்து. புதியதும் நான்காம் ஆண்டிலே பழையதாகும் என்பதே எமது மறுமொழி.

பிரேரணை நிறைவேறினும் நிறைவேறாவிடினும் முறைப்பட்டியல் வருகிற முதலாந் திகதி தொடங்கும். மாதத்தில் முதற் சனிக்கிழமை துப்புரவு. தை, சித்திரை, ஆடி, ஐப்பசி மாதங்களிலே பற்றரிச் சோதனை. ஆண்டுக்கு இருமுறை பிரதித் தட்டிலிருந்து ஒரு பழைய மலரையேனும் திறந்து பார்த்து, படிக்கக்கூடியதாயிருக்கிறதா என்று அறிதல். ஏழு பேர் பெயர் தந்துள்ளனர். அவர்களுள் மூவர் தங்கைமார். இன்னும் ஐவர் தேவை. செய்தவற்றை எழுதுவதற்கு நீல மட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கியாயிற்று. கணினியிலே எழுதினாலென்ன என்று கேட்கலாம். கணினி நின்ற நாளிலே எடுத்துப் பார்ப்பதற்கே அக்கொப்பி. அது வாசிகசாலை மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கும். பேனாவையும் நூலிற் கட்டி வைத்துள்ளோம்.